கோட்டையும் ஊரும்: இடைக்கால இங்கிலாந்தின் நிலப்பரப்புத் தொல்லியலும் கலைச்சொற்களும்

1. முன்னுரை

வரலாற்று நூல்களை ஒரு மொழியிலிருந்து பிறிதொரு மொழிக்குக் கொணரும்போது கருத்துச் சொற்களே இடர் தருவன என்றும், பொருட்பெயர்கள் எளிதில் மாற்றத்தக்கன என்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. கோட்டை, அகழி, ஊர், காடு, பூங்கா ஆகியவை கண்ணால் காணத்தக்க பொருள்களின் பெயர்கள். ஆதலின் அகராதியில் நேரான சொல்லைத் தேடி எடுத்துக்கொண்டால் போதும் என்னும் எண்ணம் மொழிபெயர்ப்பாளரிடையே நிலவுகிறது. இடைக்கால இங்கிலாந்தின் கோட்டைகளையும் குடியிருப்புகளையும் பற்றிய ஆய்வுகள் இவ்வெண்ணத்திற்கு மாறான சான்றுகளைத் தருகின்றன. அங்குக் 'காசில்' என்னும் சொல் எதனைக் குறித்தது என்பதே அறிஞரிடையே நெடுங்காலமாக விவாதத்திற்கு உரியதாக இருந்து வருகிறது. அவ்விவாதத்தைத் திசைதிருப்பியது ஆவணச் சான்று மட்டுமன்று. கோட்டையைச் சூழ்ந்த நிலத்தின் சான்றும் ஆகும்.

அந்நிலச் சான்றினை ஆராயும் துறையே நிலப்பரப்புத் தொல்லியல். அத்துறையின் முறையையும் அது கண்ட சில முடிவுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. அம்முடிவுகளின் ஒளியில், இடைக்காலக் குடியிருப்புச் சொற்களைத் தமிழில் தரும்போது கருதத்தக்கவற்றைத் தொகுத்துரைக்கிறது. தவறான ஒரு சொல், ஆய்வாளர் இன்னும் முடிவுசெய்யாத ஒன்றை வாசகருக்கு முடிந்த முடிபாகக் காட்டிவிடக்கூடும் என்பதே இக்கட்டுரை வலியுறுத்தும் கருத்து.

2. நிலப்பரப்புத் தொல்லியல்: பெயரும் முறையும்

'லேண்ட்ஸ்கேப்' என்னும் ஆங்கிலச் சொல் டச்சு மொழியிலிருந்து ஓவியர்களின் தொழிற்சொல்லாக ஆங்கிலத்திற்கு வந்தது. நிலக்காட்சியைத் தீட்டிய படத்தை முதலில் குறித்துப் பின்னர் அக்காட்சியையே குறிக்கலாயிற்று. இதற்கு உறவான 'லாண்ட்ஷாஃப்ட்' என்னும் ஜெர்மானியச் சொல்லோ, ஒரு நாட்டுப் பகுதியையும் அதில் வாழும் மக்கட் சமூகத்தையும் குறித்து வழங்கியது. முன்னது காட்சியைச் சுட்டுகிறது. பின்னது வாழிடத்தைச் சுட்டுகிறது. தமிழில் 'நிலத்தோற்றம்' என்று மொழிபெயர்த்தால் காட்சி என்னும் பொருளே மேலோங்கும். இரு பொருளுக்கும் இடந்தரும் 'நிலப்பரப்பு' என்னும் சொல் இத்துறைக்கு ஏற்புடையது.

வழக்கமான அகழாய்வு ஓரிடத்தைத் தோண்டி ஆழத்தை நோக்குகிறது. நிலப்பரப்புத் தொல்லியலோ பரந்த நிலத்தின் மேற்பரப்பை முதன்மையாகக் கொள்கிறது. வயல்வரப்பு, பழைய பாதை, வற்றிய குளம், புல் மூடிய மேடு, வேலி, கோயில், ஊரின் மனைவரிசை ஆகிய அனைத்தையும் ஒன்றோடொன்று தொடர்புடைய சான்றுகளாகக் கொண்டு, எது முந்தியது, எது எதனை வெட்டிச் செல்கிறது, எதன்மேல் எது அமைந்தது என்று ஆராய்கிறது. இத்தகைய நோக்கினை இங்கிலாந்தில் கற்றோர் அனைவரிடமும் கொண்டு சேர்த்தது, 1955ஆம் ஆண்டு டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் வெளியிட்ட, ஆங்கில நிலப்பரப்பின் உருவாக்கம் பற்றிய நூலாகும்.

இத்துறையின் கருவிகள் பலவகைப்பட்டன. தாழ்ந்த வெயிலில் எடுக்கப்படும் வான்வழிப் புகைப்படங்களில் தரையிற் புலப்படாத சிறு மேடுபள்ளங்கள் நிழலாகத் தெரிகின்றன. தரையில் நடந்து அளந்து மண்ணமைப்புகள் வரைபடமாக்கப்படுகின்றன. உழுத வயல்களில் சிதறிக்கிடக்கும் பானையோடுகள் சேகரிக்கப்பட்டு அவற்றின் செறிவு குறிக்கப்படுகிறது. சேற்றில் படிந்துள்ள மகரந்தத் துகள்களால் பண்டைய பயிர்களும் மரங்களும் அறியப்படுகின்றன. அண்மைக் காலத்தில் வானூர்தியிலிருந்து லேசர் ஒளிக்கற்றையைச் செலுத்தித் தரையின் உயரத்தை நுட்பமாக அளக்கும் 'லைடார்' முறை பெரிதும் பயன்படுகிறது. இம்முறையில் மரங்கள் மூடிய இடங்களிலும் தரையின் வடிவத்தைக் காண இயலும். இவற்றோடு நிலவரி ஆவணங்களும் இடப்பெயர்களும் ஒப்புநோக்கப்படுகின்றன. எனவே மொழியியலாருக்கும் இத்துறையில் நேரான பங்கு உண்டு.

3. 'காசில்' என்னும் சொல்லின் வரலாறு

'காசில்' என்னும் ஆங்கிலச் சொல்லின் மூலம் 'காஸ்டெல்லும்' என்னும் இலத்தீன் சொல். இச்சொல் ஆங்கிலத்திற்கு இருமுறை வந்தது என்பது கருதத்தக்கது. முதன்முறை அது விவிலியத்தின் வழியே வந்தது. இலத்தீன் விவிலியம், சிற்றூரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்குக் 'காஸ்டெல்லும்' என்று பெயர்ப்புத் தந்த இடங்களில், பழைய ஆங்கில நற்செய்தி மொழிபெயர்ப்பாளர்கள் அதனைக் 'காஸ்டெல்' என்றே எழுதினர். லூக்கா நற்செய்தியில் மார்த்தாள் வாழ்ந்த ஊர் இவ்வாறு 'காஸ்டெல்' ஆயிற்று. தமிழ் விவிலியத்தில் அதே இடத்தில் கிராமம் என்று உள்ளது. ஆக, முதல் வருகையில் இச்சொல்லின் பொருள் சிற்றூர் என்பதே.

இரண்டாம் முறை அது நார்மானியர் வழியே வந்தது. ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேட்டில் 1051ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளைக் கூறும் பகுதியில், அயல்நாட்டார் ஹெரஃபோர்டுஷயரில் ஒரு 'காஸ்டெல்' கட்டினர் என்னும் செய்தி இடம்பெறுகிறது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அத்தகைய அமைப்புகள் நாடெங்கும் எழுந்தன. ஒலி அளவில் முன்பே அறிந்த சொல்லாயினும், பொருள் அளவில் ஆங்கிலேயருக்கு இது புதியது.

அப்புதுமை யாது? ஆங்கிலேயரிடம் அரண்கள் இல்லாமல் இல்லை. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்ஃபிரட் மன்னரும் அவர் வழிவந்தோரும் 'புர்ஹ்' எனப்படும் அரண்சூழ்ந்த குடியிருப்புகளை அமைத்திருந்தனர். 'பரோ' என்னும் இன்றைய ஆங்கிலச் சொல் இதன் வழிவந்ததே. புர்ஹ் ஒரு வட்டார மக்கள் அனைவருக்கும் உரிய காப்பிடம். அதன் மதிலைப் பேணுவது அவ்வட்டாரத்தாரின் பொதுக்கடமை. காசிலோ ஒரு பிரபுவுக்கும் அவர் குடும்பத்தாருக்கும் ஏவலருக்கும் உரிய அரண்செய்த வாழிடம். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு மதிலின் வலிமையைப் பற்றியதன்று, உரிமையைப் பற்றியது.

தமிழில் 'கோட்டை' என்னும் சொல் இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை. மதில் சூழ்ந்த நகரம், அரசின் படைநிலை, அரசர் இருக்கை ஆகிய மூன்றும் தமிழில் கோட்டையே. ஊர்ப்பெயர்களின் ஈற்றில் வரும்போது குடியிருப்பு முழுவதையும் அது குறிக்கிறது. புர்ஹ், காசில் இரண்டையும் கோட்டை என்று மொழிபெயர்த்தால், 1051ஆம் ஆண்டுக் குறிப்பில் உள்ள வியப்பும் வெறுப்பும் தமிழ் வாசகருக்குப் புலப்படா. முன்பே கோட்டைகள் இருந்த நாட்டில் இன்னொரு கோட்டை எழுந்ததாகவே அவர் கொள்வர்.

4. மேடும் அகழியும்

தொடக்ககால நார்மானியக் கோட்டைகளுள் பல மண்ணாலும் மரத்தாலும் ஆனவை. வட்டமான அகழி தோண்டி, அம்மண்ணை நடுவே குவித்து உயர்ந்த மேடாக்கி, அதன்மேல் மரக்கோபுரம் எழுப்பினர். அம்மேட்டினைப் பழைய பிரெஞ்சு மொழி 'மொத்' என்றது. தொல்லியலார் இன்று அத்தகைய மேட்டை 'மாட்' என்கின்றனர். இதே பிரெஞ்சுச் சொல்லே பின்னர் ஆங்கிலத்தில் 'மோட்' என்றாகி நீரகழியைக் குறிக்கலாயிற்று. மேட்டின் பெயர் பள்ளத்திற்குச் சென்ற இப்பொருள் மாற்றம் முதற்பார்வையில் விந்தையாகத் தோன்றும். நிலத்தில் நின்று நோக்கினால் விந்தை மறையும். தோண்டுதலும் குவித்தலும் ஒரே வேலை. பள்ளமும் மேடும் அதன் இரு பயன்கள். பழைய ஆங்கிலத்தின் 'டீச்' என்னும் ஒரே சொல்லிலிருந்து பள்ளத்தைக் குறிக்கும் 'டிச்', கரையைக் குறிக்கும் 'டைக்' ஆகிய இரண்டும் பிறந்தமை இதற்கு ஒப்புமையாகும்.

'டன்ஜன்' என்னும் சொல் மற்றொரு சான்று. இன்று அது நிலவறைச் சிறையைக் குறிக்கிறது. அதன் மூலமாகிய 'டோன்ஜோன்' என்னும் பிரெஞ்சுச் சொல், ஆண்டான் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லடியாகப் பிறந்து, பிரபு வாழும் உயர்ந்த கோபுரத்தைக் குறித்தது. உச்சியில் இருந்த ஆண்டானின் இருக்கை, பிற்காலத்தார் கற்பனையில் அடித்தளத்துச் சிறையாயிற்று. இடைக்கால ஆவணமொன்றில் வரும் இச்சொல்லை 'பாதாளச் சிறை' என்று பெயர்ப்பது பொருளைத் தலைகீழாக்குவதாகும். அக்கோபுரத்தை இன்று குறிக்கும் 'கீப்' என்னும் சொல்லும் 16ஆம் நூற்றாண்டளவில் வழக்கிற்கு வந்ததே. காத்தல் என்னும் பொருளுடைய அச்சொல், இறுதிப் புகலிடம் என்ற போர்க்காலக் கருத்தினைப் பழைய கட்டடங்களின்மேல் ஏற்றிவிட்டது.

நீரகழி சூழ்ந்தவை எல்லாம் கோட்டைகளும் அல்ல. இங்கிலாந்தில் நீரகழி சூழ்ந்த பண்ணை மாளிகைத் தளங்கள் ஏறத்தாழ 6,000 கண்டறியப்பட்டுள்ளன. அவற்றுட் பல 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சிறு நிலக்கிழார்களின் வாழிடங்கள். பெரும்படையை எதிர்த்து நிற்கும் வலிமை அவற்றுக்கு இல்லை. திருடரைத் தடுத்தல், வடிகால், மீன்வளர்ப்பு, தம் நிலையை அயலார்க்கு உணர்த்துதல் ஆகிய பலவும் அவ்வகழிகளின் பயன்களாம்.

5. கோட்டையால் அழிந்த ஊரும் இடம்மாறிய ஊரும்

1086ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலவரிப் பதிவேடு, கோட்டைகளைப் பற்றிச் சில இடங்களில் வேறொரு நோக்கில் பேசுகிறது. வரி செலுத்தும் வீடுகள் குறைந்தமைக்குக் காரணம் கூறும்போது, லிங்கன் நகரில் 166 மனைகள் கோட்டைக்காக அழிக்கப்பட்டன என்று அது குறிக்கிறது. நாரிச் நகரில் கோட்டையின் பொருட்டு 98 மனைகள் இழக்கப்பட்டன. யார்க் நகரின் ஏழு வட்டங்களுள் ஒன்று கோட்டைகளுக்காகப் பாழாக்கப்பட்டது. வரிக்கணக்கர் தந்த இவ்வெண்களே அம்மனைகளில் வாழ்ந்தோரைப் பற்றி எஞ்சியுள்ள பதிவாகும்.

நாட்டுப்புறக் கோட்டைகளில் இத்தகைய மாற்றத்தை ஆவணம் கூறாவிடத்தும் நிலம் கூறுகிறது. நார்ஃபோக் மாவட்டத்தின் காசில் ரைசிங் இதற்குத் தக்க சான்று. வில்லியம் டாபினி என்பார், மறைந்த முதலாம் ஹென்றி மன்னரின் கைம்பெண்ணாகிய அடெலிசா அரசியை மணந்தபோது, 1138ஆம் ஆண்டளவில் இக்கோட்டையைக் கட்டத் தொடங்கினார். அரசியை மணந்தவரின் மாளிகை அரசர் மாளிகைக்கு ஒப்பாக அமைய வேண்டியதாயிற்று. செதுக்குச் சிற்பங்கள் நிறைந்த அதன் பெருங்கோபுரத்தைச் சுற்றி மாபெரும் மண்கரைகள் எழுப்பப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் அக்கரையின் மண்ணை அகற்றியபோது அதனுள் ஒரு சிறிய தேவாலயம் வெளிப்பட்டது. கோட்டைக்கு முன்பே இருந்த அத்தேவாலயம், கரையெழுப்பியபோது அதில் புதைந்திருந்தது.

தேவாலயம் இருந்த இடத்தை ஒட்டி ஊரும் இருந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. இன்றைய ஊர் கோட்டைக்கு வடக்கே, நேரான தெருக்களுடன் திட்டமிட்டு அமைக்கப்பட்ட வடிவத்தில் உள்ளது. புதிய தேவாலயமும் அங்கேயே நிற்கிறது. கோட்டையின் தெற்கே பிரபுவின் வேட்டைநிலம் விரிந்திருந்தது. வடக்கே குடிகள், தெற்கே மான்கள், நடுவே பிரபு என்னும் இவ்வமைப்பினை ஆராய்ந்த ராபர்ட் லிட்டியார்டு, கோட்டையும் ஊரும் வேட்டைநிலமும் ஒரே திட்டத்தின் கூறுகள் என்று விளக்கினார். ஆலிவர் கிரைட்டன் 2002இல் வெளியிட்ட நூலும், லிட்டியார்டு 2005இல் வெளியிட்ட நூலும் இந்நோக்கினை நாடு முழுவதற்கும் விரித்துக் காட்டின. கோட்டையை அதன் மதிலோடு நிறுத்திக்கொள்ளும் ஆய்வு, அதன் பொருளிற் பாதியை விட்டுவிடுகிறது என்பது இவர்களின் முடிவு.

6. போடியம்: ஒரு கோட்டையும் ஒரு விவாதமும்

சசெக்ஸ் பகுதியில் ராதர் ஆற்றின் பள்ளத்தாக்கில் அமைந்துள்ள போடியம் கோட்டை, இத்துறையின் விவாதங்களுக்கு நடுவிடமாக விளங்குவது. அகன்ற நீரகழியின் நடுவே, மூலைக்கு ஒரு வட்டக்கோபுரத்துடன் நாற்கர வடிவில் அது நிற்கிறது. 1385ஆம் ஆண்டில் சர் எட்வர்டு டாலிங்ரிக் என்பவர் இதனைக் கட்ட இரண்டாம் ரிச்சர்டு மன்னரிடம் உரிமம் பெற்றார். அவர் பிரான்சில் போர்புரிந்து பொருளீட்டியவர். திருமணத்தின் வழி போடியம் பண்ணையைப் பெற்றவர். நாடாளுமன்றத்தில் சசெக்ஸ் பகுதியின் உறுப்பினராக இருந்தவர்.

அவ்வுரிமத்தின் இலத்தீன் வாசகம் மொழிபெயர்ப்பாளர் உன்னத்தக்கது. கடலுக்கு அருகிலுள்ள தம் பண்ணை மனையைக் கல்லும் சுண்ணாம்பும் கொண்ட மதிலால் வலுப்படுத்தி, மதிலின்மேல் வெட்டுவாய்கள் அமைத்து, அதனைக் கோட்டையாக்கிக் கொள்ளவும், அண்டை நாட்டைக் காத்துப் பகைவரை எதிர்க்கவும் அது இசைவு தருகிறது. 'மனை' என்பது 'கோட்டை' ஆவதற்கு அரசர் இசைவு வேண்டப்பட்டது. மதிலின்மேல் விட்டுவிட்டு அமையும் அவ்வெட்டுவாய் அமைப்பே உரிமத்திற்குப் பெயர் தந்தது. தமிழில் இதற்குப் புதுச்சொல் படைக்க வேண்டுவதில்லை. மதிலுறுப்பாகச் சங்க இலக்கியத்தில் வரும் 'ஞாயில்' என்னும் சொல் ஏற்புடையது. 'ஞாயில் உரிமம்' என்பது சுருக்கமும் தெளிவும் உடைய கலைச்சொல்லாகும்.

உரிமத்தின் வாசகத்தை அவ்வாறே ஏற்ற பழைய ஆய்வாளர்கள், போடியத்தைக் கடலோரக் காவற்கோட்டை என்றனர். அதற்குக் காரணமும் இருந்தது. பிரெஞ்சுப் படையினர் 1377இல் ரை நகரையும் 1380இல் வின்செல்சி நகரையும் தாக்கியிருந்தனர். ஆயினும் கட்டடத்தை நுணுகி நோக்கிய சார்லஸ் கூல்சன் முதலியோர் ஐயம் எழுப்பினர். சாளரங்கள் பெரியவை. நீரகழியைத் தாங்கும் மண்கரையை வெட்டினால் நீரை வடித்துவிடலாம். வடக்கே உயர்ந்து செல்லும் சரிவிலிருந்து கோட்டையின் உட்புறம் நோக்கத் தெரிகிறது.

1988ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வரலாற்றுச் சின்னங்களுக்கான அரச ஆணையம் கோட்டையைச் சூழ்ந்த நிலத்தை அளந்து வரைபடமாக்கியது. அதன் முடிவுகள் 1990இல் வெளியாயின. சுற்றிலும் குளங்கள் பல இருந்தமையும், அவற்றின் ஓரமாகச் சுற்றிவரும் நெடுவழியும் அவ்வரைபடத்தில் புலனாயின. வருவோர் நீரில் மிதப்பது போன்ற கோட்டையைப் பல கோணங்களில் கண்டுகொண்டே வாயிலை அடையுமாறு அவ்வழி அமைந்தது. வடசரிவின் மேட்டுத்தளம் அக்காட்சியைக் கண்டு மகிழ்வதற்கானது என்று அளவையாளர் கருதினர். காவற்கோட்டை என்று கருதப்பட்ட போடியம், பெருமையைப் பறைசாற்றும் மாளிகையாகப் பொருள்கொள்ளப்பட்டது.

விவாதம் அத்துடன் முடியவில்லை. 2007இல் காலின் பிளாட், போர்ப்பயனை முற்றிலும் புறக்கணிக்கும் புதுக்கருத்தாளரை எச்சரித்து ஒரு கட்டுரை எழுதினார். 2010 முதல் 2014 வரை மேத்யூ ஜான்சன் தலைமையில் நடைபெற்ற களஆய்வு, அரணா அழகா என்னும் வினாவையே கடந்து செல்ல முயன்றது. ஆற்றுவெளி, ஆலை, படகுத்துறை, ஊர், பாதைகள் ஆகியவற்றின் நெடுங்கால வரலாற்றை அது ஆராய்ந்து, கோட்டையைச் சூழ்ந்த நிலம் மக்கள் உழைத்து வாழ்ந்த நிலமும் ஆகும் என்று காட்டியது. ஆவணங்களும் இதற்கு இசைவானவை. டாலிங்ரிக் 1383இல் போடியத்தில் சந்தை நடத்தும் உரிமை பெற்றார். 1386இல் ஆலையை இயக்க ஆற்றுநீரைத் திருப்பும் இசைவு பெற்றார். இவ்விரண்டுக்கும் இடையே வந்த 1385ஆம் ஆண்டு உரிமத்தை மட்டும் தனியே எடுத்துப் படித்தால் கிடைக்கும் பொருள் வேறு. மூன்றையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் பொருள் வேறு.

போடியத்திற்கு இந்தியத் தொடர்பு ஒன்றும் உண்டு. 1904ஆம் ஆண்டு இந்தியப் பழமைச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டபோது இந்தியத் தலைமை ஆளுநராக இருந்த கர்சன் பிரபுவே, 1917இல் இக்கோட்டையை விலைக்கு வாங்கி, அகழி நீரை வடித்து அகழ்ந்து பழுதுபார்த்தார். 1925இல் அவர் மறைந்தபின், அவரது விருப்பமுறியின்படி அது நேஷனல் டிரஸ்ட் அமைப்பைச் சேர்ந்தது.

அரண், அழகு என்னும் இரண்டும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதற்குக் கெனில்வர்த் கோட்டை சான்றாகிறது. ஓடையைத் தடுத்து உருவாக்கப்பட்ட அதன் பெரும் ஏரி, 1266ஆம் ஆண்டு முற்றுகையில் கோட்டையுள் இருந்தோர் ஏறத்தாழ ஆறு திங்கள் தாங்கி நிற்கத் துணைபுரிந்தது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்தாம் ஹென்றி மன்னர் அதே ஏரியின் மறுகோடியில் ஓர் இன்ப மாளிகை அமைத்து, படகில் சென்று தங்கலானார். நீர் ஒன்றே, பயன் காலத்தால் மாறியது.

7. பூங்காவும் காடும்

இடைக்காலக் கோட்டையைச் சூழ்ந்த நிலத்தைக் குறிக்கும் சொற்களுள் 'பார்க்' மொழிபெயர்ப்பாளரைப் பெரிதும் ஏமாற்றுவது. இன்று அதற்குப் பூங்கா என்று தமிழ் தருகிறோம். இடைக்காலத்தில் அது பள்ளமும் கரையும் மரவேலியும் சூழ, மான்களை அடைத்து வளர்த்த தனியார் நிலத்தைக் குறித்தது. 1300ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் இத்தகையவை ஏறத்தாழ 3,200 இருந்தன என்று ஆலிவர் ராக்கம் கணித்தார். வேலியின் வெளிப்புறம் கரையும் உட்புறம் பள்ளமும் அமைவது வழக்கம். அரணாயின் பள்ளம் வெளியே இருக்கும். உள்ளே இருப்பதைத் தப்பவிடாமல் காப்பதே இங்கு நோக்கம் என்பது பள்ளத்தின் இருப்பிடத்தாலேயே தெரிகிறது. குடிகள் முன்பு மேய்ச்சலுக்கும் விறகுக்கும் பயன்படுத்திய நிலமும் இவ்வேலிக்குள் அகப்பட்டதுண்டு. வேலியை உடைத்து மான் கவர்ந்தமை பற்றிய வழக்குகள் இடைக்கால நீதிமன்றப் பதிவுகளில் மிகுதி. இவ்வழக்குகளைப் 'பூங்காவில் புகுந்த குற்றம்' என்று தமிழாக்கினால் குற்றத்தின் தன்மையும் அதன் பின்னுள்ள மனக்குறையும் மறைந்துபோம். 'வேலிசூழ் வேட்டைநிலம்' என்பது நீண்டதாயினும் தெளிவுடையது.

'ஃபாரஸ்ட்' என்பதும் அவ்வாறே. இடைக்கால இங்கிலாந்தில் அது மரங்கள் அடர்ந்த இடத்தின் பெயரன்று. அரசரின் வேட்டைச் சட்டம் செல்லும் எல்லையின் பெயர். அவ்வெல்லைக்குள் வயல்களும் ஊர்களும் மரமற்ற மேட்டுநிலங்களும் அடங்கியிருந்தன. மரமே இல்லாத 'ஃபாரஸ்ட்' இருக்க இயலும். காடென்று தமிழில் கூறினால் அது முரணாகிவிடும். 'அரச வேட்டைக் காப்பெல்லை' எனல் பொருந்தும்.

8. ஊரும் நத்தமும்

கோட்டையைவிட ஊரே இடைக்கால மக்களுட் பெரும்பான்மையோர் வாழ்ந்த இடம். இங்கிலாந்தில் மக்கள் நீங்கிப் பாழான இடைக்கால ஊர்கள் 3,000க்கும் மேற்பட்டவை கண்டறியப்பட்டுள்ளன. அவற்றுள் யார்க்ஷயர் வோல்ட்ஸ் பகுதியிலுள்ள வாரம் பெர்சி மிகுதியும் ஆராயப்பட்டது. பொருளாதார வரலாற்று அறிஞர் மாரிஸ் பெரஸ்ஃபோர்டும் தொல்லியலார் ஜான் ஹர்ஸ்டும் 1950 முதல் 1990 வரை நாற்பது ஆண்டுகள் கோடைதோறும் அங்கு ஆய்வு நடத்தினர். கூரையிழந்த தேவாலயம் ஒன்றே அங்குத் தரைக்குமேல் எஞ்சியுள்ள இடைக்காலக் கட்டடம். அதனைச் சூழ்ந்த புல்வெளியில், வரிசையாக அமைந்த மனைகளின் எல்லைகள் சிறு மேடுகளாகத் தெரிகின்றன.

அம்மனைகளின் கூறுகளை ஆங்கிலத் தொல்லியலார் 'டாஃப்ட்', 'கிராஃப்ட்' என்று வேறுபடுத்துவர். வீடும் முற்றமும் அமைந்த பகுதி டாஃப்ட். அதன் பின்புறம் நீளும் பயிர்நிலத்துண்டு கிராஃப்ட். தமிழில் இவற்றுக்கு மனை, கொல்லை என்னும் சொற்கள் முற்றும் பொருந்துகின்றன. இங்கு மொழிபெயர்ப்பாளர்க்குத் தமிழ் ஆங்கிலத்தைவிட எளிமை தருகிறது. ஆங்கில வாசகருக்கு விளக்கம் வேண்டிய சொற்கள் தமிழருக்கு வீட்டுச் சொற்களாக உள்ளன.

டூம்ஸ்டே பதிவேட்டின் 'வில்லா' என்னும் இலத்தீன் சொல்லை ஊர் என்பதா, கிராமம் என்பதா என்னும் வினாவுக்கும் தமிழ் நிலவரி வழக்கு விடை தருகிறது. 'வில்லா' என்பது வரிக்கும் ஆட்சிக்கும் உரிய ஓர் எல்லை. அவ்வெல்லைக்குள் வீடுகள் ஒரே இடத்தில் திரண்டும் இருக்கலாம். பல இடங்களில் சிதறியும் இருக்கலாம். வீடுகள் நெருங்கித் திரண்ட ஊர்கள் இங்கிலாந்தின் பல பகுதிகளில் 9ஆம் நூற்றாண்டுக்கும் 12ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் படிப்படியாக உருவாயின என்பதே களஆய்வுகளின் முடிவு. எனவே பதிவேட்டில் ஓர் 'வில்லா'வின் பெயர் இருப்பதைக் கொண்டு அங்குத் தெருவும் வீட்டு வரிசையும் இருந்தன என்று கூற இயலாது. தமிழ்நாட்டு வருவாய்த்துறை வழக்கில் 'கிராமம்' என்பது நிலஎல்லை முழுவதையும், 'நத்தம்' என்பது அதனுள் குடியிருப்புக்கு உரிய இடத்தையும் குறிக்கின்றன. 'வில்லா'வுக்கு 'வருவாய்க் கிராமம்' என்றும், திரண்ட குடியிருப்புக்கு 'நத்தம்' என்றும் வழங்கினால் ஆங்கில ஆய்வாளர் பல சொற்களால் விளக்கும் வேறுபாடு இரு சொற்களில் விளங்கிவிடும். பாழான குடியிருப்பின் மேட்டினைத் தமிழகத் தொல்லியலார் 'நத்தமேடு' என்று வழங்குவதும் இதற்குத் துணையாகிறது.

வாரம் பெர்சி ஆய்வு மற்றொரு செய்தியையும் உணர்த்துகிறது. உழவர் வீடுகள் ஒரு தலைமுறைக்கு மேல் நில்லாத எளிய அமைப்புகள் என்று தொடக்கத்தில் கருதப்பட்டது. 1989இல் ஸ்டூவர்ட் ராத்மெல் அச்சான்றுகளை மீளாய்வு செய்து, வளைமரச் சட்டங்கள் கூரையைத் தாங்கிய உறுதியான வீடுகள் அவை என்றும், அடிக்கடி மாற்றப்பட்டவை சுவர்களே என்றும் காட்டினார். முதற்கருத்தின்படி 'குடிசை' என்று மொழிபெயர்த்தவர் தவறிழைத்தவராகார். ஆனால் அச்சொல் தமிழில் வறுமையையும் நிலையாமையையும் சேர்த்தே சுட்டுவதால், ஆய்வு மாறியபின் அதனைத் தொடர்ந்து வழங்குதல் பொருந்தாது.

9. சொல்தேர்வுக்குரிய நெறிகள்

மேற்கூறியவற்றிலிருந்து சில நெறிகளைப் பெறலாம்.

முதலாவதாக, ஆவணத்தின் சொல்லையும் ஆய்வாளரின் சொல்லையும் வேறுபடுத்த வேண்டும். 'காஸ்டெல்லும்', 'டோன்ஜோன்', 'வில்லா' ஆகியவை ஆவணச் சொற்கள். 'கீப்' பின்னோர் சொல். 'மாட்', 'டாஃப்ட்' ஆகியவற்றை இன்றைய ஆய்வாளர் வரையறுத்த பொருளில் வழங்குகின்றனர். ஆவணத்தை மேற்கோளாகத் தரும் இடத்தில் மூலச்சொல்லை ஒலிபெயர்த்துத் தந்து, பொருளைத் தொடரால் விளக்குதல் நன்று.

இரண்டாவதாக, உரிமையைக் குறிக்கும் சொல்லை வடிவத்தைக் குறிக்கும் சொல்லாலும், வடிவத்தைக் குறிக்கும் சொல்லை உரிமையைக் குறிக்கும் சொல்லாலும் பெயர்த்தல் ஆகாது. ஃபாரஸ்ட், வில்லா ஆகிய இரண்டும் முதல்வகை. காடு, நத்தம் ஆகியவை இரண்டாம் வகை.

மூன்றாவதாக, முடிவுறாத விவாதத்தை மொழிபெயர்ப்பு முடித்துவைத்தல் ஆகாது. போடியத்தைக் 'காவற்கோட்டை' என்றால் பழைய தரப்பும், 'அரண்மனை' என்றால் புதிய தரப்பும் வென்றதாகிவிடும். இங்கு 'அரண்மனை' என்னும் தமிழ்ச் சொல்லின் அமைப்பு நோக்கத்தக்கது. அரண், மனை என்னும் இரு சொற்களால் ஆகிய அது, காப்புடைய வாழிடம் என்னும் பொருளைத் தருவது. காசிலுக்கு ஆய்வாளர் தரும் வரையறையும் அதுவே. ஆயினும் இன்றைய வழக்கில் அரண் என்னும் கூறு தேய்ந்து, அரசரின் ஆடம்பர மாளிகை என்னும் பொருளே எஞ்சியுள்ளது. சொற்பிறப்பு பொருந்தினும் வழக்கு பொருந்தாமையின் அதனை நேராக வழங்க இயலாது. பொதுவான இடங்களில் 'பிரபுவின் கோட்டை' என்று உரிமையைச் சுட்டும் அடையுடன் வழங்கினால், புர்ஹ் எனப்பட்ட 'ஊர்க்கோட்டை'யிலிருந்து அதனைப் பிரித்தறியலாம். போரா பெருமையா என்னும் வினாவும் திறந்தே இருக்கும்.

'அரண்' என்னும் சொல்லைத் தனியே வழங்குவதற்கும் இத்துறையில் இடமுண்டு. திருக்குறளின் 75ஆம் அதிகாரம் மதிலோடு நீர், வெட்டவெளி, மலை, காடு ஆகியவற்றையும் அரணின் உறுப்புகளாகக் கொள்கிறது. கட்டடத்தையும் அதனைச் சூழ்ந்த நிலத்தையும் ஒருங்கே குறிக்க வேண்டிய இடத்தில், கோட்டை என்பதினும் அரண் என்பதே பொருட்பரப்பு மிகுந்தது.

10. முடிவுரை

இடைக்கால இங்கிலாந்தின் கோட்டைகளை அவற்றின் ஊர், வயல், குளம், வேட்டைநிலம் ஆகியவற்றோடு இணைத்து ஆராய்ந்தமையால், கட்டடத்தை மட்டும் நோக்கியபோது தோன்றாத பல செய்திகள் வெளிப்பட்டன. கோட்டை ஒரு பிரபுவின் வாழிடமாகவும், நிலத்தின்மீது அவர் கொண்ட ஆட்சியின் வடிவமாகவும், பிறரின் மனைகள் இருந்த இடமாகவும் விளங்கியமை தெளிவாயிற்று. இச்செய்திகள் சொற்களின் பொருளையும் மாற்றின. அகராதி காட்டும் சொற்களை அவ்வாறே வழங்கும் தமிழாக்கத்தில் மதிலும் படைவீரரும் பூங்காவும் காடும் இருக்கும். கரைக்குள் புதைந்த தேவாலயமும், வேலிக்குள் அகப்பட்ட மேய்ச்சல் நிலமும், லிங்கன் நகரின் 166 மனைகளும் இரா. அவற்றைத் தமிழ் வாசகர் காணுமாறு செய்யத்தக்க சொற்களாகிய ஞாயில், மனை, கொல்லை, நத்தம், அரண் ஆகியவை தமிழில் முன்பே உள்ளன. அவற்றை வரையறுத்த பொருளில், ஒரே சீராக வழங்குதல் மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.